வேலைக்கு ஓடும் வண்டி, வீட்டுக்கு ஒரு ஸ்டாண்ட்

சாப்பாடு டெலிவரி, கூரியர், மெடிக்கல் ரெப், ஃபைனான்ஸ் கலெக்‌ஷன், இன்டர்நெட் லைன் சர்வீஸ் என்று எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கேட்பது, சொந்த வண்டி இருக்கிறதா, லைசென்ஸ் இருக்கிறதா என்றுதான். நாமும் பெட்ரோல் காசு எவ்வளவு, இன்சென்டிவ் எப்போது என்று திருப்பிக் கேட்கிறோம். வண்டியின் செயினை யார் பார்த்துக்கொள்வது என்பதை இரு தரப்பும் பேசுவதில்லை. பேசாமல் விட்ட செலவெல்லாம் கடைசியில் ஓட்டுகிறவர் தலையில்தான் விழும்.

கணக்கைப் பாருங்கள். சென்னையிலோ கோவையிலோ முழுநேரம் டெலிவரி ஓட்டுகிறவர் நாளுக்கு 100 கிலோமீட்டர் தொடுவது சாதாரணம். ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் போடுவது நம்மூர் வண்டிகளுக்குப் பொதுவான கணக்கு. ஆபீஸ் போய் வருகிறவருக்கு அது மாதம் ஒருமுறை வரும். உங்களுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய தெருவில் ஓட்டினால் அன்று இரவே. சர்வீஸ் சென்டரில் வண்டியை விடுவதோ சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை. நடுவில் வரும் முறைகளுக்கெல்லாம் மெக்கானிக் கடையில் போய் நின்றால், காத்திருக்கும் நேரத்தில் இரண்டு ஆர்டர் போய்விடும். ஆக, இது வீட்டு வாசலில் உட்கார்ந்து நீங்களே செய்ய வேண்டிய வேலை. கால் மணி நேரம் போதும்.

அந்தக் கால் மணி நேரத்துக்குப் பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பி நிற்க வேண்டும். ஸ்டாண்ட் பற்றிய பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

கையை முதலில் பார்ப்போம்

எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் சுற்றுவதற்காக. வேறு எதற்காகவும் இல்லை.

பல பேர் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கியரில் போட்டுவிடுவார்கள். சக்கரம் தானாகச் சுற்றும்; ஓடுகிற செயினில் துணியை வைத்துப் பிடித்தால் துடைக்கிற வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பார்க்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கும். ஆனால் 100 சிசி வண்டியில், முதல் கியரில், ஐடிலில்கூட செயின் நொடிக்கு ஏறத்தாழ ஓர் அடி ஓடுகிறது. துணி சிக்கிய இடத்திலிருந்து ஸ்பிராக்கெட் பல் வரைக்கும் இரண்டு அங்குலம் இருக்குமா? கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள் விரல் உள்ளே போயிருக்கும். கையால் சுற்றும்போது ஏதாவது மாட்டினால் சக்கரம் நின்றுவிடும், உங்களுக்கே தெரியும். இன்ஜினுக்கு அது தெரியாது.

துடைப்பதற்கு நம்மிடம் இருப்பது பனியன் வேஸ்ட். நன்றாக எண்ணெய் உறிஞ்சும், மலிவு. ஆனால் அதன் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கும். அந்த நூல்தான் முதலில் பல்லில் மாட்டுகிறது. நூல் துணியை இழுக்கிறது, துணி விரலை இழுக்கிறது. பிசிறு இல்லாத பழைய டவல் துண்டை உள்ளங்கை அளவுக்கு மடித்து வைத்துக்கொள்வது நல்லது. துணியை விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. லுங்கியின் நுனி, தொங்குகிற துப்பட்டா, கழுத்து ஐடி கார்டின் நாடா, கை மோதிரம் எல்லாம் இந்தக் கால் மணி நேரத்துக்கு ஒதுங்கியே இருக்கட்டும்.

எந்தப் பக்கம் சுற்றுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றினால், செயினின் கீழ் வரிசை பின்னால் போய்ப் பெரிய ஸ்பிராக்கெட்டுக்குள் நுழையும். கீழ் வரிசையைப் பிடித்திருக்கும் கையும் அதோடு அந்தப் பக்கம் போகும். பின்பக்கமாகச் சுற்றினால், கீழ் வரிசை ஸ்பிராக்கெட்டை விட்டு விலகி முன்னால் வரும். அதனால் எப்போதும் பின்பக்கச் சுற்று, கீழ் வரிசை, பெரிய ஸ்பிராக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கை. கால் சுற்று சுற்றி, சக்கரத்தை நிறுத்தி, துடைத்து, மறுபடி கால் சுற்று. பின்பக்கமாகச் சுற்றும்போது மேல் வரிசை ஸ்பிராக்கெட்டை நோக்கிப் போகும் என்பதால் அங்கே கையே போகக் கூடாது. இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், சாவி சட்டைப் பையில். வீட்டில் குழந்தைகள் இருந்தால் உள்ளே அனுப்பிவிடுங்கள். சுற்றுகிற சக்கரத்தைக் கண்டால் அவர்கள் கை சும்மா இருக்காது.

எல்லாம் மீறி விரல் துண்டாகிவிட்டால்: காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. 108-ஐ அழையுங்கள். கை அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கோவை கங்கா மருத்துவமனை இதில் உலக அளவில் பெயர் வாங்கியது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று முன்கூட்டியே விசாரித்து எண்ணைப் போனில் போட்டு வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இருக்கிற ஸ்டாண்டைப் பாருங்கள்

வேலைக்கு ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஸ்ப்ளெண்டர், ஷைன், பிளாட்டினா, ரேடியான் மாதிரியானவை. இவற்றில் சென்டர் ஸ்டாண்ட் உண்டு. உங்கள் வண்டி இந்த வகை என்றால் புதிதாக எந்த ஸ்டாண்டும் வாங்கத் தேவையில்லை. யூடியூபில் பளபளக்கும் சிவப்பு பேடாக் ஸ்டாண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு நல்ல ரெயின் கோட் வாங்கலாம்.

ஆனால் அந்த சென்டர் ஸ்டாண்ட் ஒழுங்காக இருக்கிறதா? தினமும் இருபது முப்பது தடவை கடை வாசலில் போட்டு எடுக்கிற வண்டியில் ஸ்டாண்டின் பாதம் தேய்ந்துவிடும். தேய்ந்த ஸ்டாண்டில் வண்டியை ஏற்றினால் பின்சக்கரம் எழும்பாமல் தரையை உரசிக்கொண்டு நிற்கும். சக்கரத்துக்கு அடியில் ஒரு செய்தித்தாளை மடித்து நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பாதம் போய்விட்டது. வெல்டிங் பட்டறையில் பாதத்துக்கு அடியில் ஒரு துண்டு இரும்பு வைத்து வெல்டு அடித்துத் தருவார்கள். இரண்டு பாதமும் ஒரே உயரமா என்று சரிபார்த்து வாங்குங்கள். வண்டியைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினால் ஸ்டாண்ட் கடகடவென்று ஆடுகிறதா? அதன் பின், புஷ் இரண்டும் தேய்ந்திருக்கின்றன, மாற்ற வேண்டும். ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அதுவும். ஓடும்போது ஸ்டாண்ட் கீழே இறங்கி ஸ்பீடு பிரேக்கரில் மோதுவதெல்லாம் ஸ்பிரிங் கோளாறுதான்.

சென்டர் ஸ்டாண்ட் போடத் தெரியாமல் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர்கள் நிறைய. வண்டியைத் தூக்கக் கூடாது. ஸ்டாண்டை மிதிக்க வேண்டும். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டுக்குக் கீழே உள்ள கிராப் ரெயிலில். ஸ்டாண்டின் இரண்டு பாதமும் தரையில் படும் வரைக்கும் காலால் அழுத்தி, அப்புறம் உடம்பு எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்கினால் வண்டி தானாகப் பின்னால் ஏறும். வலது கை வழி காட்டினால் போதும். டெலிவரி பையையோ பின்னால் போல்ட் போட்ட பெட்டியில் உள்ள சாமானையோ முதலில் இறக்கிவிடுங்கள்.

ஸ்ப்ளெண்டர் மாதிரி முழு செயின் கவர் உள்ள வண்டியில் செயின் வெளியே தெரியாது. கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எண்ணெய் விடலாம், தொய்வும் பார்க்கலாம். நன்றாகத் துடைக்க வேண்டும் என்றால் கவரைக் கழற்றத்தான் வேண்டும். அது மாதம் ஒருமுறை போதும். கவர் உள்ள செயினில் மண் குறைவாகவே ஏறும். பார்க்க அழகில்லை என்று அந்தக் கவரைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுகிறவர்கள் செயின் செட்டுக்கு அடிக்கடி காசு கொடுக்கிறார்கள்.

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி

ஆர்15, எம்டி-15, டியூக் வகையறாவில் சென்டர் ஸ்டாண்ட் வராது. இந்த வண்டியிலும் டெலிவரி ஓட்டுகிற தம்பிகளை ராத்திரி பதினொரு மணிக்கு எந்தப் பிரியாணிக் கடை வாசலிலும் பார்க்கலாம். எந்த ஸ்டாண்ட் வாங்குவது என்ற கேள்வி இவர்களுக்குத்தான்.

முதல் தேர்வு, பின்சக்கரத்துக்கான பேடாக் ஸ்டாண்ட். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மை இரண்டு பக்கமும் தாங்கிச் சக்கரத்தைத் தூக்கும். சுமார் 1,500 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இதில் இரண்டு வகை. ஸ்விங் ஆர்மில் பாபின் என்கிற சிறு உருளையைத் திருகிவிட்டு, ஸ்டாண்டின் வி வடிவக் கை அந்த உருளையில் கொக்கியாக மாட்டுவது ஒன்று. ரப்பர் ஒட்டிய எல் வடிவத் தட்டு ஸ்விங் ஆர்முக்கு அடியில் சும்மா உட்காருவது இன்னொன்று. தனியாக வேலை செய்கிறவர் பாபின் வகையைத்தான் வாங்க வேண்டும் என்பேன். எல் தட்டில் வண்டி பக்கவாட்டில் நகரலாம். ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, இன்னொருவர் ஸ்டாண்டை அமுக்க என்று இரண்டு ஆள் இருந்தால்தான் நிம்மதி. ராத்திரி டூட்டி முடித்து வருகிறவருக்கு இன்னோர் ஆளைத் தேடுவது நடக்காத காரியம்.

பாபின் வாங்கும்போது திருகின் அளவு முக்கியம். 6, 8, 10 மில்லிமீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும். திருகு இறங்கவில்லை என்று ஸ்பானரால் பலவந்தமாக முறுக்கினால் ஸ்விங் ஆர்மில் உள்ள மரை போய்விடும், அப்புறம் லேத்துக்குத்தான் ஓட வேண்டும். சில வண்டிகளில் பாபினுக்கான துளையே இருக்காது. கடைக்கு வண்டியிலேயே போங்கள். பாபினைக் கையால் திருகிப் பார்த்து, தடையில்லாமல் இறங்குகிறதா என்று உறுதி செய்த பிறகு ஸ்டாண்டைப் பாருங்கள். ஆன்லைனில் ‘எல்லா பைக்குக்கும் பொருந்தும்’ என்று போட்டிருப்பதை நம்பி ஆர்டர் போடுவதைவிட இது மேல்.

கடையில் ஸ்டாண்டைக் கையில் வாங்கியதும் பெயின்டைப் பார்க்காதீர்கள், வெல்டிங்கைப் பாருங்கள். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் வெல்டு முழுச் சுற்றும் ஓடியிருக்க வேண்டும். நான்கு புள்ளி மட்டும் ஒட்டவைத்து மேலே கனமாகப் பெயின்ட் அடித்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அகலம் மாற்றும் கை வசதி இருக்க வேண்டும்; அதை இறுக்கும் போல்ட் கெட்டியாக இருக்கட்டும். கைப்பிடி நீளமாக இருந்தால் அமுக்க பலம் குறைவாகத் தேவைப்படும், வைக்க இடம் அதிகம் தேவைப்படும். சிங்கிள் ரூமில் நாலு பேர் தங்கியிருக்கும் வீட்டில் கட்டிலுக்கு அடியில் போகுமா என்பதும் ஒரு கேள்விதான். ஸ்டாண்டின் இரண்டு சிறு சக்கரமும் தரையில் சமமாக உட்காருகிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சாமான் சந்தையில் இருக்கிறது. ஒன்று, ரோலர் ஸ்டாண்ட். தரையில் வைக்கும் இரண்டு உருளை, பின்சக்கரம் அதன் மேல் ஏறி நிற்கும், வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும், சக்கரத்தைத் தள்ளினால் உருளும். மலிவு, சின்னது. துடைத்து எண்ணெய் விடுவதற்குப் போதும். சக்கரத்தைக் கழற்ற, செயின் மாற்ற உதவாது. வழுக்கும் டைல்ஸ் தரையில் ஸ்டாண்டே நகர்ந்துவிடும் என்பதால் அடியில் ரப்பர் மேட் போடுங்கள். இன்னொன்று, ஒற்றைக் கோல். சைடு ஸ்டாண்டை ஒரு காலாக வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் ஸ்விங் ஆர்மை முட்டுக்கொடுத்துத் தூக்குவது. பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு அது சரி. வண்டி மூன்று புள்ளியில் மட்டும் நிற்கும். வாராவாரம் செய்கிற வேலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கார் ஜாக்கியை இன்ஜினுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவது, செங்கல் அடுக்குவது, ஒருவர் வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து இழுத்துப் பிடிக்க இன்னொருவர் எண்ணெய் விடுவது. இவை எதுவும் வேண்டாம். இன்ஜினின் அடிப்பகுதி அலுமினியம், விரிசல் விட்டால் செலவு ஸ்டாண்டைப் போலப் பல மடங்கு. சாய்த்துப் பிடித்திருப்பவர் போனில் ஆர்டர் சத்தம் கேட்டுத் திரும்பினால் போதும்.

தரையும் ஏற்றும் முறையும்

ஸ்டாண்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தரை சரியில்லை என்றால் பயனில்லை. அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்கில் தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் உருள்கிறது என்று தெரிந்துவிடும். வண்டியின் முன்பக்கம் மேட்டை நோக்கியோ பள்ளத்தை நோக்கியோ நிற்காமல் சமமான இடத்தைத் தேடுங்கள். மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை. இரண்டு காலும் ஒரே பலகையில் இருக்க வேண்டும்.

பேடாக் ஸ்டாண்டில் பின்சக்கரம் எழும்பிவிட்டால் வண்டியை முன்னால் ஓடவிடாமல் தடுக்க முன்சக்கரம் மட்டும்தான் இருக்கிறது. அதனால் முன் பிரேக் லீவரை அழுத்தி, ஒரு கெட்டியான ரப்பர் பேண்டாலோ சைக்கிள் டியூப் துண்டாலோ ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மொத்த வேலையிலும் பணம் செலவில்லாத, ஆனால் பல பேர் விட்டுவிடுகிற பாதுகாப்பு இது. சைடு ஸ்டாண்டை எடுத்துவிடாதீர்கள், இறங்கியே இருக்கட்டும். வண்டியின் இடது பக்கம் நின்று, இடது கையால் கிராப் ரெயிலைப் பிடித்து வண்டியை நேராக்கி, வலது கையால் ஸ்டாண்டின் வி கையை இரண்டு பாபினுக்கும் அடியில் கொண்டுவந்து மாட்டி, கைப்பிடியை ஒரே மூச்சில் கீழே அமுக்குங்கள். பாதியில் நிறுத்தினால்தான் நழுவும். இரண்டு பக்கமும் பாபின் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் அமுக்கவே கூடாது. முதல் இரண்டு தடவை எதிர்ப்பக்கம் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள். பழகிவிட்டால் தனியாகவே செய்யலாம்.

ஏற்றியாயிற்று. செயினில் மண்ணும் பழைய எண்ணெயும் கெட்டியாகப் படிந்திருந்தால் மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ போட்டு மென்மையான பிரஷால் தேய்க்கலாம். ஓ-ரிங் செயின் உள்ள வண்டியில் பெட்ரோலும் கம்பி பிரஷும் கூடாது. உள்ளே கிரீஸை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் வளையம் கெட்டுவிடும். எந்த வண்டியாக இருந்தாலும் இன்ஜின் சூட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து பெட்ரோலால் கழுவுவது வேண்டாம். கீழ் வரிசையின் உள்பக்கத்தில் எண்ணெய் விடுங்கள். சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் வரும். ஸ்பிரே வாங்கக் காசு இல்லை என்றால் 90 நம்பர் கியர் ஆயில் போதும். மெக்கானிக் கடையில் வடித்த பழைய இன்ஜின் ஆயில் இலவசமாகக் கிடைக்கும்; அதில் இருக்கும் இரும்புத் தூளும் இலவசம்தான். எண்ணெய் விட்டுச் சற்று நேரம் கழித்து, அதிகமாக நிற்பதைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் தெருப் புழுதி எல்லாம் அதில் ஒட்டும்; பேன்ட் காலிலும் தெறிக்கும். பின்சக்கரத்தில் டயர் மேல் எண்ணெய் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

செயின் டைட் வைப்பதற்கும் ஸ்டாண்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது இருக்கும் தொய்வு வேறு, சைடு ஸ்டாண்டில் சக்கரம் தரையில் இருக்கும்போது இருக்கும் தொய்வு வேறு. எதில் வைத்து அளக்க வேண்டும் என்று உங்கள் வண்டிக் கையேட்டில் எழுதியிருக்கும். அதன்படியே அளக்க வேண்டும். பல கம்யூட்டர் வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் சரி, ஆனால் உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள்; செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. டைட் வைக்க வேண்டியிருந்தால் ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு அப்புறம் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கடைசி இறுக்கமும் தரையில்தான். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் நீளமான ஸ்பானரைப் போட்டு இழுத்தால் வண்டியே உங்கள் மேல் வரும்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பராமரிக்காத செயின் செட் பாதி ஆயுளில் போய்விடும். கம்யூட்டர் வண்டிக்குச் செயின் செட் ஆயிரத்துச் சொச்சம், பெரிய வண்டிக்கு அதைவிடப் பல மடங்கு, மாற்றும் கூலி தனி, வண்டி நிற்கிற நாளின் வருமானம் தனி. பேடாக் ஸ்டாண்டின் விலை ஒரு முறை செயின் செட் தப்பித்தாலே வந்துவிடும். அதையும் ஒரே ஆள் போட வேண்டியதில்லை. ஒரே ரூமில், ஒரே தெருவில் வண்டி ஓட்டுகிற நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்டாண்ட் வாங்கலாம். பாபின் மட்டும் அவரவர் வண்டிக்கு. ஆர்டர் குறைகிற நேரம் பார்த்து நாலு வண்டியையும் முடித்துவிடலாம். ஏற்ற ஓர் ஆள், பிடிக்க ஓர் ஆள் என்ற கவலையும் தீரும்.

இந்த வண்டி ஓடித் தேய்ந்து அடுத்த வண்டி எடுக்கும் நாள் வரும். மைலேஜும் மாதத் தவணையும் கேட்கும்போதே, சென்டர் ஸ்டாண்ட் உண்டா, செயினுக்கு முழுக் கவர் உண்டா என்பதையும் ஷோரூமில் கேளுங்கள். வண்டியை வைத்துச் சம்பாதிக்கிறவருக்கு, இந்த இரண்டும் உள்ள சாதா வண்டிதான் லாபம்.